குருதி வகை கண்ட லாண்ட்ஸ்டைனர்

1868-இல் பிறந்தவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அந்நாளில் பிறர் இரத்தம் ஏற்றிக்கொண்டோருள் சிலர் பிழைத்தனர், பலர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. இவரோ, தம் குருதியையும் உடன் பணியாற்றியோர் குருதியையும் எடுத்து, ஒருவரின் சீரத்தோடு மற்றவரின் சிவப்பணுக்களைக் கலந்து பார்த்தார். சில கலவைகளில் அணுக்கள் திரண்டன, சிலவற்றில் திரளவில்லை. இதனைக் கொண்டு மூன்று வகைகளை வகுத்து, 1901-இல் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். மருத்துவ உலகம் அதனைப் பல்லாண்டுகள் பொருட்படுத்தவில்லை. நோபல் பரிசு கிட்டியதோ 1930-இல்தான்!

அதற்காக அவர் சோர்ந்துவிடவில்லை. 300-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை எழுதினார். 1940-இல் வீனருடன் இணைந்து ஆர்.எச். காரணியை அறிவித்தார். 1943-இல் நியூயார்க்கில் ஆய்வுக்கூடத்திலேயே மாரடைப்பு கண்டு, இரண்டாம் நாள் மறைந்தார்.

நண்பர்களே, இரத்ததானம் செய்கையில் நம் அட்டையில் எழுதப்படும் அந்த ஓர் எழுத்து, அன்று கவனிப்பாரற்றுக் கிடந்த கட்டுரையின் கொடையன்றோ!