மாதவராவ் சிந்தியாவும் வெள்ளிப் புகைவண்டியும்

உசிலம்பட்டியில் யாம் சிறுவராயிருந்த காலத்தே எம்மூர்க்குப் புகைவண்டி இல்லை. 1928 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மதுரை போடிநாயக்கனூர் இருப்புப்பாதை, அகலப்பாதையாக்கப்படும் பொருட்டு 2010 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பெற்றது. ஆதலின் யாம் தீப்பெட்டிகளை நூலிற் கோத்து, அவற்றைப் பிரயாணிகள் ஏறும் பெட்டிகளாகப் பாவித்துத் திண்ணையில் இழுத்து மகிழ்ந்தோம். இவ்விளையாட்டையே அரசர் ஒருவர் வெள்ளிப் பெட்டிகளைக்கொண்டு ஆடினார் என்று பின்னாளில் அறிந்து வியந்தோம். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியா 1876 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 20 ஆம் நாள் பிறந்தார். 1886 இல் தந்தையார் ஜயாஜிராவ் விண்ணெய்தவே, பத்து வயது நிரம்புமுன்னரே அரியணைக்கு உரியரானார். 1894 இல் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவர்கைக்கு வந்தது. இளமை தொட்டே இயந்திரங்களின்பால் அவருக்கு அளவிறந்த ஆசை உண்டு. நீராவி எஞ்சினைத் தாமே ஓட்டுவதில் அவர் பெரிதும் இன்புற்றார்.

ஜயவிலாச மாளிகையின் விருந்து மண்டபத்தில், உணவு மேசையின்மீது தண்டவாளம் இடுவித்து, மின்சாரத்தால் இயங்கும் சிறு வெள்ளிப் புகைவண்டி ஒன்றை அவர் ஓடவிட்டார். அதன் பெட்டிகள் மதுவும் சுருட்டும் ஏந்தி விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் செல்லும். ஒருவர் குப்பியை எடுத்த அளவில் வண்டி நிற்கும். மீண்டும் வைத்தவுடன் நகரும்.

நாட்டில் ஏழைகள் பலர் இருக்க, மன்னர் வெள்ளியில் விளையாட்டுப்பொருள் செய்வித்தல் தகுமோ என்று வினவுவார் உளர். அவ்வினாவை யாம் தள்ளிவிடோம். ஆயினும் அவரது ஆசை மேசையளவில் அடங்கிவிடவில்லை என்பதையும் நோக்குதல் வேண்டும். இரண்டடி அகலமே உடைய சிறு இருப்புப்பாதையொன்றை முதலில் தம் உல்லாசத்திற்கென அமைத்தவர், 1899 இல் அதனைப் பொதுமக்கட்கும் திறந்துவிட்டார். அப்பாதையின் ஒரு கிளை 1909 இல் சியோப்பூரை எட்டியது. ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரமுள்ள அவ்வழியில், உழவரும் சிறுவணிகரும் நெருங்கியமர்ந்து 2020 வரையிலும் பிரயாணம் செய்தனர்.

1900 இல் சீனதேசத்துப் போரில் காயமுற்றோர்க்கென மருத்துவக் கப்பலொன்றை ஆயத்தம் செய்து உதவியவரும் இவரே. 1925 ஆம் ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் நகரில், 48 ஆம் வயதில் இம்மன்னர் காலஞ்சென்றார்.

வெள்ளி வண்டி இன்று அம்மாளிகையின் காட்சிசாலையில் உளது. காண்போர் அதனையே வியந்து செல்கின்றனர். எமக்கோ, சியோப்பூர் வண்டியில் மூட்டையுடன் ஏறிய பெயரறியா உழவரே நினைவில் நிற்கின்றார். வண்டியில்லா ஊரில் வளர்ந்தோம் ஆதலின், அவர் பெற்ற பேற்றின் அருமை எமக்கு நன்கு விளங்குகின்றது. 2022 ஆம் ஆண்டு மே மாதத்தில் மதுரையினின்று தேனிக்குச் செல்லும் வண்டி எம்மூர் நிலையத்தில் வந்து நின்றது. எம் தீப்பெட்டி வண்டியில் ஒருவரும் ஏறியதில்லை. இவ்வண்டியிலோ எம்மூரார் யாவர்க்கும் இடம் இருந்தது. தம் விளையாட்டில் பிறர்க்கும் இடந்தந்த அளவிலேயே மாதவராவை யாம் போற்றுகின்றோம்.