நோயும் பிறப்பும்: அறிஞர் ஹால்டேன்

அடி அண்ணாமலையில் ஒரு வீட்டில் அம்மை கண்டது என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் பத்து நாள் பாயை விட்டு எழமாட்டான். தங்கையோ நான்கைந்து கொப்புளங்களோடு விளையாடக் கிளம்பிவிடுவாள். ஒரே கூரை, ஒரே சோறு, ஒரே கிருமி! வயதும் உடல்வலிவும் ஓரளவு காரணம்தான். ஆனால் பிறப்பிலேயே அமைந்த வேறுபாடும் உண்டு என்பதை அறிவுலகம் உணரச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அன்னாரின் வாழ்வைச் சிறிது காண்போம்.

அவர் 1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். தந்தையார் சுவாசத்தைப் பற்றி ஆராய்ந்த அறிஞர். துறவி மெண்டல் பட்டாணிச் செடிகளில் கண்ட மரபு விதிகளைப் பற்றிய சொற்பொழிவுக்குத் தந்தையாருடன் சென்றபோது ஹால்டேன் சிறுவர். பின்னர் தங்கை நவோமி வளர்த்த கினிப்பன்றிகளிடம் அவ்விதிகளைச் சோதிக்கத் தொடங்கினார். அண்ணனும் தங்கையும் நண்பர் ஒருவருடன் சேர்ந்து சுண்டெலிகளின் மரபு பற்றி 1915இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டனர். தங்கையின் பெயரும் அதில் இடம்பெற்றது என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி! இத்தனைக்கும் அவர் கல்லூரியில் பயின்றவை கணிதமும் பழைய இலக்கியங்களுமே.

மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் தலசீமியா என்னும் இரத்தக் குறைபாடு மிகுதி. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதைப் பெற்ற குழந்தை அக்காலத்தில் பிழைப்பது அரிதாயிருந்தது. அப்படியானால் அக்குறை ஏன் அழிந்தொழியவில்லை? ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவரை அது மலேரியாவிலிருந்து காக்கிறது போலும் என்று ஹால்டேன் ஊகித்தார். நம் நீலகிரிப் பழங்குடியினரிடமும் 1952இல் கண்டறியப்பட்ட அரிவாள் வடிவ இரத்த அணுவைக் குறித்து, இவ்வூகம் மெய்யே என ஆப்பிரிக்காவில் ஆராய்ந்த ஆலிசன் 1954இல் காட்டினார். மேலும், பெரும்பாலோரின் உடலுக்கேற்பப் பழகிய கிருமி அரிய வகையினரிடம் தோற்கக்கூடும். ஆகவே மக்களிடையேயுள்ள வேற்றுமையே ஒரு காப்பு என்றும் 1949இல் எழுதினார்.

1957இல் அவர் இந்தியாவுக்கே குடிவந்தார். கல்கத்தாவில் மகலனோபிஸின் புள்ளியியல் நிறுவனத்திலும், பின்பு புவனேசுவரத்திலும் பணியாற்றினார். நம் நாட்டு உடை உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, இந்தியக் குடிமகனுமானார். 1964 டிசம்பர் 1ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்கு அளிக்கப்பட்டது.

அவர் எழுப்பிய கேள்வி அவரோடு மறையவில்லை. பெரியம்மையின் கடுமைக்கும் இரத்த வகைக்கும் தொடர்பில்லை என்று 1965இல் சென்னை நோயாளிகளை ஆராய்ந்தோர் கூறினர். ‘ஏ’ வகையினரையே அது கடுமையாகத் தாக்குகிறது என்று மறு ஆண்டே வங்காளம், பீகார் சிற்றூர்களில் ஆராய்ந்தோர் கூறினர். 1980க்குள் பெரியம்மையே உலகைவிட்டு ஒழிந்தமையால் அவ்வழக்கு தீராமலே நின்றுவிட்டது. ஒழிந்ததே நல்லது!

கொரோனா வந்தபோது விடை சற்றுத் தெளிவாயிற்று. நோயைக் கடுமையாக்கும் மரபுக் கூறொன்று, அழிந்துபோன நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது என்று செபெர்க், பாபோ என்னும் அறிஞர்கள் 2020இல் கண்டனர். ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடமும், தெற்காசியாவில் ஏறத்தாழப் பாதிப் பேரிடமும் அது உள்ளது. அதுவே எய்ட்ஸ் கிருமி தொற்றும் வாய்ப்பை நூற்றுக்கு 27 பங்கு குறைக்கிறது என்று செபெர்க் 2022இல் கண்டறிந்தார்.