ஜெபத்தால் சபை வளர்த்த அசரியா

திருச்செந்தூர்ப் பக்கத்தில் பனை மரங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூர். வெள்ளாளன்விளை என்று பெயர். அங்கே தாமஸ் வேதநாயகம் என்ற பாதிரியார் இருந்தார். அவர் மனைவி எலன் அம்மாள்.

எலன் அம்மாளுக்கு மகன் இல்லை. 13 ஆண்டுகள் கடவுளிடம் மன்றாடினார்.

பைபிளில் அன்னாள் என்ற ஒரு தாயின் கதை வருகிறது. பிள்ளை இல்லாத அன்னாள் ஆலயத்துக்குப் போய் அழுது ஜெபித்தாள். சாமுவேல் பிறந்தான். அந்தப் பிள்ளையைக் கடவுளின் பணிக்கே விட்டுவிட்டாள். எலன் அம்மாளும் அப்படியே வேண்டிக்கொண்டார்.

1874-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஆண் குழந்தை பிறந்தது. சாமுவேல் என்றே பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பாக உயர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா.

பட்டம் பெறாத மாணவர்

1889-ம் ஆண்டில் தந்தை காலமானார். பையன் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. எலன் அம்மாள் கண்டிப்பானவர். வேதம் படிப்பதிலும் ஜெபம் செய்வதிலும் ஒரு நாளும் தவறக்கூடாது என்று மகனைப் பழக்கினார்.

மெய்ஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்த பிறகு, அசரியா சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் 1837-ம் ஆண்டில் தொடங்கிய பள்ளிக்கூடத்தில் இருந்து வளர்ந்த கல்லூரி அது. காஞ்சிபுரம், உத்திரமேரூர்ப் பக்கத்து மக்களுக்குத் தெரிந்த ஆண்டர்சன் பள்ளி, அந்தப் பாதிரியாரின் பெயரைத் தாங்கி நிற்பதுதான்.

பட்டப் பரீட்சை நெருங்கியபோது அசரியா நோயில் படுத்தார். பட்டம் கிடைக்கவில்லை. அதற்காக அவர் முடங்கிப் போகவில்லை. 1895-ம் ஆண்டில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் ஊராகச் சென்று வாலிபர்களைக் கூட்டினார். வேதம் கற்பித்தார். அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார்.

1898-ம் ஆண்டில் அன்பு மரியம்மாளை மணந்தார். அந்தக் காலத்திலேயே கல்லூரியில் படித்த பெண்மணி அவர். கல்யாணம் எளிமையாக நடந்தது.

யாழ்ப்பாணத்தில் கண்டது

1902-ம் ஆண்டில் அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் கடல் கடந்து ஊழியர்களை அனுப்பி வந்தார்கள். இதைக் கண்டு அசரியா தலை குனிந்தார்.

திருநெல்வேலியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகள் இருக்கின்றன. எங்கிருந்தோ வெள்ளைக்காரப் பாதிரிமார் வருகிறார்கள். பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். மருந்து கொடுக்கிறார்கள். நாம் வாங்கிக்கொண்டே இருக்கிறோம். நாம் யாருக்குக் கொடுத்தோம்? இந்தக் கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை.

முதலில் அவர் ஜெபித்தார். பிறகு நண்பர்களிடம் சொன்னார். அவர்களும் சேர்ந்து ஜெபித்தார்கள். 1903-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. இந்தியரின் பணம், இந்தியரின் நிர்வாகம், இந்தியரே ஊழியர்கள் என்பது அதன் விதி. நிஜாம் ராஜ்யத்தில் இருந்த தோர்ணக்கல் என்ற தெலுங்கு நாட்டு ஊருக்கு ஊழியர் சென்றார். இன்று அது தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது.

ஊரையெல்லாம் போகச் சொல்லிவிட்டு, தான் மட்டும் சௌகரியமாக இருப்பதா என்று அசரியாவின் மனம் கேட்டது. 1909-ம் ஆண்டில் வேலையை விட்டார். குருப்பட்டம் பெற்றார். தோர்ணக்கல்லுக்கே போனார். அப்போது அவருக்கு வயது 35. தொடக்கத்தில் கூடாரம்தான் வீடு. சிறு பிள்ளை போலத் தெலுங்கு கற்றார்.

1910-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் உலக மாநாடு நடந்தது. அசரியா அங்கே பேசினார். வெள்ளைக்கார மிஷனரிகள் நல்லவர்கள்தான், தியாகிகள்தான். ஆனாலும் இந்தியரோடு அவர்கள் நண்பர்களாகப் பழகுவது இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். சபையில் பலருக்குக் கோபம் வந்தது. சிலருக்குக் கண் திறந்தது.

1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி கல்கத்தாவில் அவர் பிஷப் ஆனார். ஓர் இந்தியருக்கு இந்தப் பதவியா என்று எதிர்த்தவர்களும் உண்டு. அவர் பதில் பேசவில்லை. தோர்ணக்கல்லுக்குத் திரும்பி வேலையைப் பார்த்தார்.

விளக்கு வைத்த பிறகு

அவரைத் தேடி வந்தவர்கள் ஏழைகள். தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா மக்கள். பகல் முழுவதும் பிறர் நிலத்தில் உழைப்பார்கள். எழுத்துத் தெரியாது. கடன் உண்டு. குடியும் உண்டு.

பகலில் இவர்களுக்கு ஓய்வு ஏது? ஆகவே, விளக்கு வைத்த பிறகுதான் ஜெபம். ஒரு கூரைக் கொட்டகைதான் ஜெப வீடு. கிராம ஆசிரியர் ஜெபத்தைச் சொல்லிக் கொடுப்பார். மக்கள் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள். புத்தகம் தேவை இல்லை. தெலுங்குப் பாட்டுகளைத் தாளம் தட்டிப் பாடுவார்கள். ஜெப வீடே பள்ளிக்கூடமும் ஆயிற்று. ஜெபிக்க வந்தவர்களின் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள்.

மாலா மக்களும் மாதிகா மக்களும் ஒருவரை ஒருவர் தொடமாட்டார்கள். ஒரே கிணற்றில் நீர் எடுக்கமாட்டார்கள். ஒரே கடவுளைத் தந்தையே என்று கூப்பிட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் சகோதரனை விலக்கி வைத்தால் அது ஜெபம் ஆகுமா? அசரியா இதை விடாமல் கற்பித்தார். இரண்டு கூட்டத்தாரும் ஒரே பாயில் உட்கார வேண்டும், ஒரே பந்தியில் கலந்துகொள்ள வேண்டும் என்றார். அது ஒரே நாளில் நடக்கவில்லை. சண்டைகள் வந்தன. அவரும் சளைக்கவில்லை.

சபை என்றால் கூடியிருக்கும் மக்கள் என்று பொருள். உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்ததைச் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே ஊர்க் காரியம் பார்க்கச் சபை கூடியது. அசரியாவின் சபை ஜெபிக்கக் கூடியது. கூடிய பிறகு அதுவும் ஊர்க் காரியத்தைக் கவனித்தது. பெரியவர்கள் பஞ்சாயத்தாக உட்கார்ந்து வழக்குகளைத் தீர்த்தார்கள். குடிப்பவனைக் கண்டித்தார்கள்.

காணிக்கைக்குப் பணம் இல்லாத வீடுகளில் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துக் கடவுளுக்கு என்று தனியாக வைப்பார்கள். அந்தப் பிடி அரிசி சேர்ந்து ஊழியருக்குச் சோறு போட்டது. பெண்களைக் கூட்டி ஜெபிப்பதிலும் கற்பிப்பதிலும் அன்பு மரியம்மாள் முன் நின்றார்.

அசரியா மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போவார். ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கை வைக்கச் சொல்வார். தாங்கள் கேட்ட நற்செய்தியைப் பிறருக்கும் சொல்வதாக அவர்கள் உறுதி கூறுவார்கள். இப்படி எழுத்துத் தெரியாத கூலியாளும் சபைக்கு ஓர் ஊழியன் ஆனான். இவர்களுடைய நடை மாறியதைக் கண்டு மற்ற சாதியாரும் சபையைத் தேடி வந்தார்கள்.

பட்டம் வாங்காத அசரியாவுக்கு 1920-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1939-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி தோர்ணக்கல் பேராலயம் பிரதிஷ்டை ஆயிற்று. கோயில் தூண்களின் சாயலும் மசூதிக் கும்மட்டத்தின் சாயலும் அதில் உண்டு. ஏழைகளின் காணிக்கையும் அதில் இருக்கிறது.

காணாமல் போன நாள்

இன்னும் ஒரு குறை அவர் மனதை உறுத்தியது. சீமையில் உண்டான பிரிவுகளால் இந்தியக் கிறிஸ்தவர்கள் பிரிந்து கிடந்தார்கள். ஒரு மிஷன் சபையார் மற்றொரு மிஷன் சபையாரோடு திருவிருந்தில் சேர முடியவில்லை. 1919-ம் ஆண்டு மே மாதம் தரங்கம்பாடியில் பல சபையார் கூடினார்கள். எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் கூட்டத்தில் அசரியா முன் நின்றார். அன்று முதல் அதற்காகவே ஜெபித்தார், பேசினார், எழுதினார். ஆண்டுகள் ஓடின. பேச்சு வார்த்தை முடியவில்லை.

1945-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி அசரியா காலமானார். அவர் உடல் தோர்ணக்கல் மண்ணிலேயே அடக்கமாயிற்று.

1947-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி சென்னை செயிண்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென் இந்தியத் திருச்சபை உதயமாயிற்று. திருநெல்வேலிச் சபைகளும், தோர்ணக்கல் சபைகளும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் ஸ்காட்லாந்து மிஷனால் உண்டான சபைகளும் அன்று ஒரே குடும்பம் ஆயின. 28 ஆண்டுகள் பலர் செய்த ஜெபம் அது.

ஒரு தாய் ஒரு மகனுக்காக ஜெபித்தார். அந்த மகன் ஆயிரக்கணக்கான ஏழைகளுக்கு ஜெபிக்கக் கற்றுக் கொடுத்தார். கூடி ஜெபிக்கிறவர்கள் கூடி வாழவும் வேண்டும், பிடி அரிசியாவது பிறருக்குக் கொடுக்கவும் வேண்டும் என்பது அவர் வாழ்க்கை சொல்லும் பாடம்.