நடுப்பார்வை மறைந்த பின்னும்...

பெரிதாக்கி வரைந்த பூக்களால் உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ'கீஃப். 98 ஆண்டுகள் வாழ்ந்து, 1986-ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று மறைந்தார். அவருடைய பூக்களை அறிந்த பலரும் அவருடைய இறுதிப் பதினைந்து ஆண்டுகளை அறிந்திருப்பதில்லை. கண்ணையே முதலாகக் கொண்டு தொழில் செய்த ஒருவர், அந்த முதலில் பெரும்பகுதியை இழந்த பின்னர் எப்படி வாழ்ந்தார் என்பதை அந்த ஆண்டுகள் காட்டுகின்றன. முதுமையில் விழித்திரையின் மையம் சிதையும் நோயுடன் வாழ்வோரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிய வேண்டிய வாழ்க்கை அது.

விஸ்கான்சின் மாநிலத்தில் சன் பிரெய்ரி என்ற ஊருக்கு அருகே, ஓர் உழவர் குடும்பத்தில் ஏழு குழந்தைகளுள் இரண்டாமவராக 1887-இல் பிறந்தார் ஓ'கீஃப். சிகாகோவிலும் நியூயார்க்கிலும் ஓவியம் பயின்றார். குடும்பத்தின் பணமுடையால் படிப்பைத் தொடர இயலாமல், சிகாகோவில் விளம்பரப் படங்கள் வரையும் பணியில் சேர்ந்தார். அங்கே தட்டம்மை தாக்கிச் சில காலம் கண்கள் பலவீனமுற்றதால் அந்த வேலையையும் விட நேர்ந்தது. பிறகு டெக்சஸிலும் தென் கரோலினாவிலும் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1915-இல் தாம் கற்றவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, கரித்துண்டால் புதுவகைச் சித்திரங்கள் வரைந்தார். அவற்றைத் தோழி ஒருவர் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸிடம் கொண்டுபோய்க் காட்ட, அவர் 1916-இல் தம் கூடத்தில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். 1924-இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1929-இல் நியூ மெக்சிகோவின் பாலைநிலத்துக்கு முதன்முறையாக நீண்ட காலம் தங்கச் சென்ற ஓ'கீஃப், அந்த நிலத்தின் சிவந்த குன்றுகளிலும் வெளுத்த எலும்புகளிலும் மனத்தைப் பறிகொடுத்தார். 1946-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளைத் தொகுத்துக் காட்சிப்படுத்தியது. அங்கு அத்தகைய சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவரே. அதே ஆண்டில் கணவர் காலமானார். 1949-இல் நியூ மெக்சிகோவிலேயே நிலையாகக் குடியேறினார்.

1959-இல் இந்தியா உள்ளிட்ட பல நாடுகளைச் சுற்றிவந்தார். விமானச் சன்னல் வழியே கண்ட ஆறுகளும் மேகங்களும் அவருடைய அடுத்த ஓவியங்களாயின. 1965-இல், 77 வயதில், 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட திரையில் மேகக் கூட்டத்தை வரைந்து முடித்தார். 1970-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்திய பெருங்காட்சி, இளந்தலைமுறையிடமும் அவரைக் கொண்டுசேர்த்தது. புகழ் உச்சியில் இருந்த அந்த வேளையில்தான் கண் கைவிடத் தொடங்கியது.

விழித்திரையின் நடுவே, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. மாக்குலா என்பது அதன் பெயர். எழுத்தை வாசிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் தயவால்தான். முதுமையில் அது சிதைவதையே மருத்துவர்கள் மாக்குலர் டிஜெனரேஷன் என்கின்றனர். மெல்ல முற்றும் உலர் வகையே பெரும்பான்மை. கண்ணுள் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்துக் கசியும் ஈர வகை குறைவானவர்களுக்கே வரும். ஆனால், விரைவில் பார்வையைப் பறிப்பது அதுதான். இரண்டிலும் பழுதாவது நடுப்பார்வை. பக்கப்பார்வை பெரும்பாலும் எஞ்சி நிற்கும். முழு இருள் சூழ்வதில்லை.

ஓ'கீஃப்புக்கு நேர்ந்ததும் இதுவே. 1970-களின் தொடக்கத்தில் அவரது நடுப்பார்வை பெரிதும் மறைந்து, ஓரப்பார்வை மட்டும் எஞ்சியது. பிறர் உதவியின்றி எண்ணெய் வண்ணத்தில் வரைவதை 1972-இல் நிறுத்திக்கொண்டார். இன்று ஈர வகைக்குப் போடப்படும் கண் ஊசிகள் அன்று இல்லை. வண்ணங்களின் நுட்ப வேறுபாட்டை வைத்தே வாழ்நாளெல்லாம் பணி செய்தவருக்கு இது எத்தகைய இடி என்பதை விளக்க வேண்டியதில்லை.

1973-இல் ஜுவான் ஹாமில்டன் என்னும் 27 வயதுக் குயவுக் கலைஞர் வேலை கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினார். சில்லறை வேலைகளுக்காகச் சேர்க்கப்பட்ட அந்த இளைஞர் நாளடைவில் உதவியாளராகவும் நண்பராகவும் ஆனார். கண்ணால் செய்த வேலையை விரல்களாலும் செய்யலாம் என்று ஊக்குவித்து, களிமண்ணில் வேலை செய்யக் கற்றுக்கொடுத்தார். 85 வயதைக் கடந்த ஓவியர் புதிய கலையொன்றுக்கு மாணவியானார். கரித்துண்டும் பென்சிலும் கொண்டு வரைவதையும் அவர் விடவில்லை. 1984 வரை அது தொடர்ந்தது. உதவியாளர்களின் துணையுடன் நீர்வண்ண, எண்ணெய் வண்ண ஓவியங்களும் உருவாயின. 1976-இல் தம் ஓவியங்களுடன் தாமே எழுதிய உரையையும் சேர்த்து நூலொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு அவரைப் பற்றிய ஆவணப்படம் வந்தது. 1977-இல் அமெரிக்காவின் மிக உயரிய குடிமை விருதும், 1985-இல் தேசியக் கலை விருதும் அவரை வந்தடைந்தன.

இதைத் தன்னம்பிக்கைக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், அந்த ஆண்டுகள் சிக்கலற்றவை அல்ல. அவருக்காகத் தூரிகை பிடித்த உதவியாளர் ஒருவர், அந்த ஓவியங்களில் தம் பங்கு மறைக்கப்பட்டதாகப் பின்னாளில் பொதுவெளியில் முறையிட்டார். ஓவியர் இறந்த பின் அவருடைய பெருஞ்செல்வம் பற்றி உறவினர் வழக்குத் தொடுத்து, 1987-இல் சமரசம் எட்டப்பட்டது. பார்வை குறைந்த முதியவரைச் சுற்றி அன்பும் இருக்கும். நம்பிக்கை, உரிமை, பணம் பற்றிய கேள்விகளும் இருக்கும்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. ஓ'கீஃப்பிடம் பணம் இருந்தது. படித்துக் காட்டவும், கடிதம் எழுதவும், சமைக்கவும், தோட்டம் பார்க்கவும் ஆள் வைத்துக்கொள்ள அவரால் முடிந்தது. நம் வீடுகளில் இதே பணியை மனைவியோ மகளோ மருமகளோ ஊதியமின்றிச் செய்கிறார்கள். நாட்டு வருமானக் கணக்கில் அந்த உழைப்புக்கு இடமில்லை. கணக்கில் இல்லாத உழைப்புக்குப் பயிற்சியோ, ஓய்வோ, ஆதரவோ தர வேண்டும் என்ற எண்ணமும் நமக்கு எழுவதில்லை.

பயிற்சி என்று நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. என் தமக்கைக்கு இந்த நோய் இருக்கிறது. எதிரே வந்து நிற்பவர் யாரென்று குரலைக் கேட்டால்தான் தெரியும். ஆனால், தரையில் ஓரமாகக் கிடக்கும் நாணயத்தைக் கண்டு எடுத்துவிடுவார். முகம் தெரியாதவருக்குக் காசு மட்டும் எப்படித் தெரிகிறது என்று உறவினர் சிலர் கேலி பேசினர். நாணயம் விழுந்தது எஞ்சியிருக்கும் பக்கப்பார்வையில். முகம் விழுந்தது அழிந்துபோன நடுவில். இந்த ஒரு செய்தியை நோய் கண்டறியப்பட்ட நாளிலேயே குடும்பத்தாரை உட்காரவைத்து யாரேனும் சொல்லியிருந்தால், அவர் பல மாதங்கள் வாய்மூடி அழுதிருக்க மாட்டார்.

சொல்லப்பட வேண்டியவை இன்னும் உள்ளன. ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுசெய்வதால் நோய் நெடுநாள் மறைந்திருக்கும். ஆகவே, ஐம்பதைத் தாண்டியவர்கள் ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் சன்னல் கம்பியையோ நாள்காட்டிக் கட்டங்களையோ அவ்வப்போது பார்ப்பது நல்லது. நேர்கோடு வளைந்தாலோ, நடுவில் கறை போலத் தெரிந்தாலோ தாமதமின்றி விழித்திரை மருத்துவரை அணுக வேண்டும். ஈர வகையில் நாள்கள் முக்கியம்; ஊசி சிதைவைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு தொடக்கத்தில்தான் அதிகம். புகைப்பழக்கம் இந்நோயின் இடரைக் கூட்டுவது உறுதிப்பட்ட உண்மை. பார்வை குறைந்த சிலருக்கு இல்லாத உருவங்களும் பூவேலைகளும் கண்முன் தோன்றும். இது மனநோய் அன்று. பழுதான கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே இட்டு நிரப்பும் படங்கள். இதை அறியாத முதியவர்கள், பைத்தியம் என்பார்களோ என்றஞ்சி மறைத்துக்கொள்கிறார்கள்.

கண்புரையைப் பொறுத்தவரை தமிழகம் நாட்டுக்கே வழிகாட்டி. ஊர்தோறும் நடந்த கண் சிகிச்சை முகாம்கள், அறுவை சிகிச்சையால் பார்வை திரும்பும் என்ற நம்பிக்கையை எளிய மக்களிடம் வேரூன்றச் செய்துள்ளன. அந்த நம்பிக்கையோடு வரும் முதியவரிடம், இது புரையல்ல, விழித்திரைச் சிதைவு, இழந்ததைத் திரும்பப் பெறுவது அரிது என்று சொல்ல நேரும்போது உரையாடல் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடுகிறது. உண்மையில் அது தொடங்க வேண்டிய இடம் அதுவே. உருப்பெருக்கி, நல்ல வெளிச்சம், பெரிய எழுத்து, படித்துக் காட்டும் கைப்பேசி, ஓரப்பார்வையைப் பயன்படுத்தும் பயிற்சி எனக் கொடுக்கத்தக்கவை பல உள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறை பார்வையையும் அங்கீகரித்துள்ளது. சட்டத்தில் உள்ளது முதியவரின் வீட்டை எட்ட வேண்டும்.

உலகில் இந்நோய் உடையோர் 2020-இல் 19.6 கோடியாக இருப்பர் என்றும், 2040-இல் 28.8 கோடியாக உயர்வர் என்றும் 2014-இல் வெளியான ஆய்வொன்று கணித்தது. ஆயுள் நீளும் சமூகம் எதுவும் இதிலிருந்து தப்ப முடியாது. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் குறை பார்வைக்கெனப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அமர்த்துவதும், நோயாளிகளும் குடும்பத்தாரும் மாதம் ஒருமுறை கூடிப் பேச ஓர் அறை ஒதுக்குவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஓய்வூதியர் சங்கங்களும் நூலகங்களும்கூட இதற்கு இடம் தரலாம்.

1984-இல் உடல் தளர்ந்து சான்டா ஃபே நகருக்குக் குடிபெயர்ந்த ஓ'கீஃப், அங்கேயே மறைந்தார். வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்ப வரைந்த பெடர்னால் மலையின் உச்சியில் அவருடைய சாம்பல் தூவப்பட்டது. நடுப்பார்வை போன பிறகும் அவர் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் படைத்துக்கொண்டிருந்தார். அவருடைய திறமை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால், அவருக்கு வாய்த்ததைப் போல், எஞ்சிய பார்வையை மதித்து அருகில் அமரும் ஒரு துணை, நம் தெருவில் உள்ள ஒவ்வொரு முதியவருக்கும் வாய்க்கச் செய்வது நம் கையில்தான் இருக்கிறது.