சவர்க்காரமும் ஆர்தேஷிர் கோத்ரெஜும்

கொழுப்பு அல்லது எண்ணெயுடன் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலைச் சேர்த்து வெப்பமேற்றினால் சவர்க்காரமும் கிளிசரோலும் கிடைக்கும். சவர்க்காரமாக்கல் என்னும் இத்தாக்கத்தை மாணவர்கள் பாடமாக்கி எழுதிவிடுவார்கள். அதிலுள்ள அல்லது என்ற சிறு சொல்லை எவரும் கவனிப்பதில்லை. அந்தச் சொல்லை நம்பித் தொழில் தொடங்கிய ஒருவரின் வரலாறு இது.

ஆர்தேஷிர் கோத்ரெஜ் 1868 ஆம் ஆண்டு மார்ச் 26 இல் பம்பாயில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் கற்றார். 1894 இல் ஒரு வழக்கிற்காக ஆபிரிக்கக் கரையோரத் தீவான சன்சிபாருக்குச் சென்றார். அங்கே கட்சிக்காரருக்காக உண்மையை வளைத்துப் பேசவேண்டிய நிலை வந்தது. மறுத்துவிட்டு, சட்டத்தரணித் தொழிலையே கைவிட்டு ஊர் திரும்பினார்.

அடுத்து 3000 ரூபா கடன் பெற்றுச் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்தார். தரத்தில் குறையில்லை. ஆனால் வாங்க முன்வந்தவர்கள், இந்தியாவில் செய்யப்பட்டது என்ற முத்திரை கூடாது என்றார்கள். ஆர்தேஷிர் முத்திரையை விடவில்லை, தொழில்தான் போயிற்று. பிறகு 1897 இல் பூட்டுச் செய்யத் தொடங்கினார். பூட்டும் இரும்புப் பெட்டகமும்தான் கோத்ரெஜ் என்ற பெயரை நிலைநாட்டின.

அக்காலத்தில் இந்தியாவில் விற்பனையான மேலைநாட்டுச் சவர்க்காரங்கள் பலவற்றில் விலங்குக் கொழுப்புச் சேர்ந்திருந்தது. மாட்டுக் கொழுப்பென்றால் இந்துக்கள் தொடத் தயங்கினர். பன்றிக் கொழுப்பென்றால் முஸ்லிம்கள். கட்டியைப் பார்த்து எந்தக் கொழுப்பென்று சொல்ல இயலாது. 1918 அளவில் ஆர்தேஷிர் தாவர எண்ணெயை மட்டும் கொண்டு குளியல் சவர்க்காரம் செய்தார்.

இது எவ்வாறு இயலும்? பிரெஞ்சு விஞ்ஞானி செவ்ரல் 1823 இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருந்தது. விலங்குக் கொழுப்பாயினும் தாவர எண்ணெயாயினும் அடிப்படை ஒன்றே: கொழுப்பமிலங்களும் கிளிசரோலும் சேர்ந்த சேர்வைகள். வேறுபாடு எந்தக் கொழுப்பமிலம் என்பதில்தான். மாட்டுக் கொழுப்பில் ஸ்டியரிக், பாமிற்றிக் போன்ற நிரம்பிய அமிலங்கள் அதிகம். எனவே சவர்க்காரம் கடினமாக இருக்கும். நல்லெண்ணெய் போன்றவற்றில் இரட்டைப் பிணைப்புள்ள நிரம்பாத அமிலங்கள் அதிகம். அவற்றை மட்டும் கொண்டு செய்தால் கட்டி மென்மையாகிவிடும். தேங்காயெண்ணெயோ தாவர எண்ணெயாயிருந்தும் பெரும்பாலும் நிரம்பிய அமிலங்களைக் கொண்டது. அதில் ஏறத்தாழப் பாதி 12 காபன் அணுக்களைக் கொண்ட லோரிக் அமிலம். ஆகவே கட்டி கடினமாகவும் இருக்கும், விரைவில் நுரைக்கவும் செய்யும்.

இன்னொன்று. சவர்க்காரம் காய்ச்சியபின் அதனைப் பிரித்தெடுக்கக் கறியுப்புக் கரைசல் சேர்க்கிறோம் அல்லவா? உப்பு மிகுந்த நீரில் சவர்க்காரம் கரையாது என்பதே காரணம். நமது கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறுகளில் நுரை வராமல் அவதிப்படுவதற்கும் இது ஒரு காரணம். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் இதை ஓரளவு தாங்கும். கடல்நீரிலும் நுரைப்பதால் மாலுமிகள் அதைப் பயன்படுத்தினர். வன்னீரிலுள்ள கல்சியம், மகனீசியம் அயன்களுக்கு முன்னால் மட்டும் எந்த எண்ணெயில் செய்தாலும் சவர்க்காரம் படிவாகிவிடும்.

தாவர எண்ணெய்ச் சவர்க்காரத்தை உலகிலேயே முதலில் செய்தவர் கோத்ரெஜ் என்று சிலர் எழுதுகின்றனர். மாணவர்கள் அப்படி எழுதவேண்டாம். சிரியாவின் அலெப்போவிலும் பலஸ்தீனத்தின் நாப்லுஸ் நகரிலும் ஒலிவ் எண்ணெயில் சவர்க்காரம் செய்வது பல நூற்றாண்டுப் பழைமையான தொழில். ஆர்தேஷிரின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாமல் வாங்கிய மக்களுக்கு, விலங்குக் கொழுப்பு இல்லையென்று சொல்லி விற்கக்கூடிய பொருளைத் தொழிற்சாலையில் செய்து கொடுத்தார்.

அவருடைய வியாபாரத் தந்திரமும் சுவையானது. இரண்டாம் இலக்கச் சவர்க்காரத்தை முதலில் விற்பனைக்கு விட்டார். முதலாம் இலக்கம் 1922 இல்தான் வந்தது. இரண்டே இவ்வளவு நன்றென்றால் ஒன்று எப்படியிருக்கும் என்று மக்கள் எண்ணுவார்களாம்!

திலகர் நினைவாகத் தொடங்கிய நிதிக்கு 3 இலட்சம் ரூபா வழங்கினார். பின்னாளில் தொழிலைத் தம்பி பிரோஜ்ஷாவிடம் ஒப்படைத்துவிட்டு நாசிக்கிற்குச் சென்று விவசாயத்தில் இறங்கினார். அது பலிக்கவில்லை. 1936 ஜனவரியில் காலமானார்.