காமராசரும் பாரத ரத்னாவும்

இந்திய அரசு பாரத ரத்னா விருதை நிறுவிய ஆண்டு 1954. அவ்வாண்டே அதனைப் பெற்ற மூவருள் இராஜாஜியும் ஒருவர். அவரை அடுத்து, அதே ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநில முதலமைச்சரானவர் காமராசர். அவ்விருது அவர் பெயரை அடைய மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

1903இல் விருதுநகரில் பிறந்த அப்பெருமகனார் இளமையிலேயே தந்தையை இழந்து, பள்ளியை விட்டுக் கடையில் அமர்ந்தார். விடுதலைப் போரில் ஏறத்தாழ ஒன்பதாண்டுகளைச் சிறையிற் கழித்தார். தாம் இழந்த கல்வியைப் பிறர் இழத்தலாகாது எனக் கருதி, ஊர்தோறும் பள்ளிகள் திறந்தார். பசித்த பிள்ளைகட்குப் பகலுணவும் அளித்தார்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது நம் மறையூர் அடங்கிய தேவிகுளம் வட்டம் கேரளத்தைச் சேர்ந்தது. அம்முடிவை அவர் ஏற்றமை நம் முன்னோர் பலர்க்கு மனக்குறையே. அதனை நாம் மறைப்பதற்கில்லை. எனினும், நம்மூர்ப் பாம்பாறு சென்று சேரும் அமராவதி அணை அவர் ஆட்சியில் எழுந்ததாகும். மலையில் நாம் காணும் நீர் சமவெளி உழவரை இன்றும் வாழ்விக்கின்றது.

1963இல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் தாமே துறந்தார். 1975 அக்டோபர் 2ஆம் நாள் மறைந்தார். மறைந்தோர்க்கும் விருதளிக்கலாம் என 1955இல் விதி திருத்தப்பட்டிருந்தமையால், 1976இல் பாரத ரத்னா அவருக்கு வழங்கப்பெற்றது. மணம் புரியாத அவருக்கு, கல்வி பெற்ற பிள்ளைகள் யாவரும் மக்களே எனலாம்.

தொலைவையும் வறுமையையும் காரணங்காட்டி நம் பிள்ளைகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாதிருப்போம். அதுவே நாம் அவருக்குச் செய்யத்தக்க சிறப்பாகும்.