தம்பிக்காக உயிர் தாங்கிய தமக்கை!

பெரிய ஆபரேஷன் முடிந்து கணவரோ, பிள்ளையோ, உடன்பிறந்தவரோ படுத்திருக்கும் வீட்டில் ஒவ்வொரு நாளும் எத்தனை மெதுவாக நகரும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். டாக்டர் தம் வேலையைச் செய்துவிட்டார். மாத்திரை, மருந்தெல்லாம் வேளை தவறாமல் கொடுக்கிறீர்கள். ஆனாலும் வலி குறையக் காணோம். வேண்டாத தெய்வம் இல்லை, பலன் தெரியவில்லையே என்று மனம் துவள்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டியவர் திலகவதியார். திருநாவுக்கரசரின் அக்கா.

பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூரில், 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் இந்த அம்மையார். தந்தை புகழனார், தாய் மாதினியார். தம்பியின் பெயர் மருள்நீக்கியார். திலகவதியாருக்குப் பன்னிரண்டு வயதானபோது, கலிப்பகையார் என்ற சேனைத் தலைவருக்கு மணம் பேசினார்கள். அதற்குள் அரசர் ஆணைப்படி அவர் போருக்குப் போய்விட்டார்.

பிறகு இடிமேல் இடி! தந்தை நோயில் இறந்தார். தாயும் அவரைத் தொடர்ந்தார். அந்தக் கண்ணீர் காயுமுன்னே, கலிப்பகையார் போர்க்களத்தில் உயிர் துறந்த செய்தி வந்தது. பேசி முடித்த அன்றே தாம் அவருக்கு உரியவள் என்று எண்ணிய திலகவதியார், தாமும் உயிரை விடத் துணிந்தார். சின்னஞ்சிறு தம்பி அக்காவின் காலில் விழுந்தான். அக்காவும் போய்விட்டால் தனக்கு யாருமில்லை, அவருக்கு முன் தானே உயிரை விடுவேன் என்று அழுதான். அந்தப் பிள்ளை வாழவேண்டுமே என்பதற்காகவே அம்மையார் தம் உயிரைத் தாங்கிக்கொண்டார்.

அந்தத் தம்பி வளர்ந்து, அறிவுத் தேடலில் சமண சமயம் சேர்ந்தார். இன்றைய கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயரோடு தலைமைப் பதவியும் பெற்றார். தமக்கையோ கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகைக்கு வந்து சேர்ந்தார். தினமும் விடியுமுன் எழுந்து கோயிலைப் பெருக்குவார், சாணமிட்டு மெழுகுவார், பூப்பறித்து மாலை கட்டுவார். தம்பி திரும்பி வரவேண்டும் என்பது ஒன்றே அவர் வேண்டுதல். ஈசன் கனவில் தோன்றி, சூலை நோய் கொடுத்து அவனை ஆட்கொள்வோம் என்று அருளினார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளைபோல் வளர்த்த தம்பி. அவன் வரவேண்டும் என்று கேட்டதற்குக் கிடைத்த வரமோ, அவன் வயிற்றைப் புரட்டும் வலி! நாம் கேட்டபடியே கடவுள் தருவதில்லை என்பது நம்மில் பலருடைய அனுபவம்தானே? திலகவதியார் அதற்காகக் கோயிலை விட்டு விலகவில்லை. துடைப்பத்தைக் கீழே வைக்கவும் இல்லை.

எந்தச் சிகிச்சைக்கும் நோய் அடங்காமல் போகவே, தருமசேனர் தமக்குச் சமைப்பவரை அக்காவிடம் அனுப்பினார். அம்மையார் அங்கே வர இயலாது என்று சொல்லிவிட்டார். கடைசியில், தாங்க முடியாத வலியோடு இரவோடு இரவாக அவரே திருவதிகை மடத்துக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். இத்தனை வருடம் எங்கே போனாய் என்று அம்மையார் கடிந்துகொள்ளவில்லை. ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு கொடுத்தார். விடியற்காலை திருப்பள்ளியெழுச்சி நேரம் வந்ததும் வழக்கம்போல் துடைப்பமும் சாணமும் எடுத்துக்கொண்டு, தம்பியையும் சந்நிதிக்கு அழைத்துப் போனார். அங்கே அவர் தம் முதல் பதிகத்தைப் பாடினார். சூலை நீங்கியது. நாவுக்கரசு என்ற பெயரும் கிடைத்தது.

இந்தச் சரிதத்தை 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரிய புராணத்தில் விரித்துச் சொன்னார். அறுபத்துமூவர் வரிசையில் திலகவதியார் பெயர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் அப்பர் இல்லை! பின்னாளில் அப்பர் உழவாரப் படையைக் கையில் ஏந்தி ஊர் ஊராகக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினாரே... அக்காவின் கையில் இருந்த துடைப்பம்தான் தம்பியின் கையில் உழவாரம் ஆனதோ என்று தோன்றுகிறது.

சகோதரிகளே! நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பதல்ல. அன்றன்றைய காரியத்தை அன்றன்று செய்வது. காலையில் விளக்கேற்றுங்கள். ஐந்தெழுத்தைச் சொல்லி நோயாளியின் நெற்றியில் திருநீறு இடுங்கள். டாக்டர் சொன்ன மருந்தை ஒருவேளைகூட விடாமல் கொடுங்கள். இன்னொன்று, நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்கள், தூங்குங்கள். தம்பிக்காகத் தம் உயிரைத் தாங்கினாரே திலகவதியார், அதுவும் ஒரு தவம்தான்.

பண்ருட்டியை ஒட்டியே இருக்கிறது திருவதிகை. ஈசன் திரிபுரம் எரித்த அட்ட வீரட்டத் தலம். மூலவர் பதினாறு பட்டை கொண்ட பெரிய லிங்கத் திருமேனி. அப்பருக்கும் திலகவதியாருக்கும் அங்கே சந்நிதி உண்டு. உங்கள் வீட்டு நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவரையும் அழைத்துப் போய், முதலில் அந்த அக்காவின் முன் நின்று கும்பிடுங்கள்!